மாவுதானேன்னு நினைச்சேன்

கிருஷ்ணகிரியில் இருக்கிற எங்க அத்தை ரொம்ப வருஷமா வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுறாங்க. ஒரு தடவை ஊர்ல ஸ்டாக் இல்லைன்னு, மாமா டூட்டி முடிஞ்சு வரும்போது அத்திப்பள்ளி மெடிக்கல்ல வேற கம்பெனி மாத்திரை வாங்கிட்டு வந்தார். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, ரெண்டும் ஒண்ணுதானாடா?"ன்னு அத்தை கேட்டாங்க. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே மருந்து, அதே 100 மில்லிகிராம். "ஒண்ணுதான் அத்தை"ன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஓசூர் சிப்காட்ல ஒரு மருந்துக் கம்பெனிக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். மாத்திரை அச்சில் ஒட்டாம இருக்க மெக்னீசியம் ஸ்டியரேட்னு ஒரு வழவழப்பான பவுடரைக் கடைசியில் கொஞ்சமா போடுவாங்க. சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கிட்டே நின்னார். "சில நிமிஷம்தான் தம்பி. அதிகமா சுத்தினா மாத்திரை சீக்கிரம் கரையாது." அந்தப் பவுடர் கிரீஸ் மாதிரி. ஒவ்வொரு துகள் மேலயும் படிஞ்சு தண்ணியை உள்ளே விடாது. மருந்து மாறல, அளவு மாறல, மிக்ஸர் ஓடின நேரம் மட்டும்தான் மாறுது!

மாத்திரையில் மருந்து போக மீதி இருக்கிற லாக்டோஸ், ஸ்டார்ச், கால்சியம் உப்பு எல்லாம் சும்மா இடத்தை அடைக்கத்தான்னு நாம நினைக்கிறோம். ஆனா பிபிக்குக் கொடுக்கிற அம்லோடிபின்கூட, ஈரம் சேர்ந்தா லாக்டோஸ் வினைபுரியும். பால்கோவா பழுப்பாகிற அதே வகை கெமிஸ்ட்ரி.

2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ல டைஎத்திலீன் கிளைகால் இருந்ததை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. அது விஷம் கலந்த கதை. நான் சொல்றது, எல்லாமே சுத்தமா இருந்தும் நடக்கிறது.

இதுக்குப் பெரிய உதாரணமே அத்தையோட மருந்துதான். 1968ல ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் கேப்ஸ்யூல்ல இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துட்டு லாக்டோஸ் போட்டாங்க. டோஸ் அதேதான். ஆனா பிரிஸ்பேன்ல வலிப்பு நோயாளிகள் பலர் தள்ளாடினாங்க. மருந்து ஓவரானதுக்கான அறிகுறி. கால்சியம் சல்ஃபேட் அதுவரைக்கும் மருந்தில் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாம பிடிச்சு வெச்சிருந்திருக்கு. அது போனதும் கூடுதலா ரத்தத்துல ஏறிடுச்சு.

கொஞ்சம் கூடினா என்னன்னு கேட்பீங்க. கிருஷ்ணகிரி டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. பூத் எல்லாம் ஃபுல் ஆகிற வரைக்கும் வண்டி வர வரப் போயிட்டே இருக்கும். ஃபுல்லானதுக்கு அப்புறம் கொஞ்சம் வண்டி கூட வந்தாலே க்யூ நீண்டுக்கிட்டே போகும். ஃபெனிடாயினை உடைக்கிற கல்லீரல் என்சைம் வழக்கமான டோஸிலேயே கிட்டத்தட்ட ஃபுல். அதனால உள்ளே போறது லேசா கூடினாலும் ரத்தத்துல அளவு எகிறும். குறைஞ்சா வலிப்பே திரும்ப வரலாம்.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே அத்தைக்கு ஃபோன் போட்டேன். "மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, ரெண்டு அட்டையையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் சொன்னது தப்பு"ன்னேன். டாக்டர் ரத்தத்துல ஃபெனிடாயின் அளவு பார்க்கச் சொன்னார். நல்லவேளை, நார்மல். இப்போ சீட்டில் மருந்துப் பேரோட கம்பெனி பேரையும் எழுதிக் கொடுத்திருக்கார். மாமா ஒரு வாரம் முன்னாடியே வாங்கி வெச்சிடுறார்.