வெள்ளிக் காசில் தேய்ந்த முகம்

பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னரின் வெள்ளிக் காசு மெல்லியது; அகன்றது; ஏறக்குறைய 4 கிராம் எடையுள்ளது. ஒரு புறம் முடி தரித்த மன்னனின் பக்கவாட்டு முகம். மறு புறம் அக்கினி பீடமும் காவலர் இருவரும். கி.பி. 484-இல் பீரோஸ் மன்னன் ஹூணரோடு பொருது மாண்டான். அவனுடைய காசுகள் ஏராளமாக அவர்கள் கைப்பட்டன. அவர்கள் வழியே அவ்வுருவம் இந்தியாவினுள் புகுந்தது.

குஜராத், இராஜஸ்தான், மாளவம் ஆகிய பகுதிகளின் அக்கசாலையினர் அதனைப் பல நூற்றாண்டுகள் படியெடுத்தனர். படியைப் பார்த்தே அடுத்த படி செதுக்கப்பட்டமையால் மூக்கு கோடாயிற்று, கண் புள்ளியாயிற்று, காசும் சிறுத்துத் தடித்தது. 'கதையா பைசா' எனப்படும் பிற்காலக் காசில் மன்னன் முகம் உள்ளதெனச் சொன்னாலன்றிப் புதியவர் அறியார். முகம் தெளிந்த முற்காலக் காசுகளே அரியவை.

பெரும்பாலானவற்றில் பெயரோ ஆண்டோ இல்லை. எனவே உருச்சிதைவின் படிநிலையே காலத்தைக் கணிக்க உதவுகிறது. மங்கிய காசைப் புளியோ அமிலமோ இட்டுத் தேய்ப்பவர் அச்சான்றையே அழிக்கிறார்.

வெள்ளியின் தரத்தை ஊறின்றி அறிய, காசைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து ஒப்படர்த்தி காணலாம். தூய வெள்ளிக்கு அது 10.5, செம்புக்கு 8.9. 4 கிராம் காசு நீரில் இழக்கும் எடை 0.4 கிராம் அளவே. ஆதலின் நுண்தராசு வேண்டும். அரிப்புண்டு துளைபட்ட காசு ஏமாற்றவும் கூடும்.

புதையலைப் பிரித்து விற்பது இன்னும் கேடு. 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. எக்காசு எதனுடன் புதைந்திருந்தது என்பது, பிரித்தபின் எவராலும் மீட்க இயலாத செய்தி.