ஐப்பசி மாதமும் ஆரோக்கிய வியாபாரமும்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்று ஒன்றே கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அந்த மழை தொடங்கும் ஐப்பசியையும் அடுத்து வரும் கார்த்திகையையும் கூதிர் என்று தனிப் பருவமாக வகுத்த நம் முன்னோர், சீதோஷ்ணம் மாறுகிறபோது ஆகாரமும் குளியலும் உறக்கமும் அதற்கிசைய மாற வேண்டும் என்றும் விதித்து வைத்தார்கள். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் சமநிலை என்று சித்த வைத்தியர்கள் சொன்னதை இன்றைய விஞ்ஞானம் அதே பாஷையில் ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும், காய்ச்சி ஆறிய நீரைப் பருகுவதாலும், எளிதில் ஜீரணமாகும் உணவைச் சுடச்சுட உண்பதாலும், ஈரத் தலையோடு திரியாமல் நேரத்தில் உறங்கச் செல்வதாலும் எவருக்கும் கேடு விளைந்ததில்லை. பெரிய செலவும் இல்லை.

செலவில்லாத காரியத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்த முடியாதல்லவா? ஆகவேதான் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கி, வெல்லப்பாகும் நெய்யும் சேர்த்து வீட்டில் கிளறி, எண்ணெய் முழுக்கு முடிந்தவுடன் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுக்கப்பட்ட தீபாவளி லேகியத்தின் பக்கத்தில், அதே பெயரின் நிழலில், "உடலைச் சுத்திகரிக்கும்", "சித்தத்தைச் சாந்தப்படுத்தும்", "சர்க்கரையை வேரோடு அறுக்கும்" என்ற பிரகடனங்களோடு பலவகைப் புட்டிகளும் டப்பாக்களும் இந்தப் பருவத்தில் வந்து நிற்கின்றன. வீட்டு லேகியத்தைப் பற்றி எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் அதில் சேரும் வெல்லத்தை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். என் கவலை டப்பாக்களைப் பற்றியது.

டப்பாவை வாங்குமுன் அதைத் திருப்பிப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்கப்படும் எதுவாயினும், 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, சேர்க்கப்பட்ட சரக்குகளின் பட்டியல், தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை அதன் சீட்டில் இருந்தாக வேண்டும். மருந்தாக அன்றி உணவாக விற்கிறார்கள் என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், "எங்கள் பாட்டனார் காலத்து ரகசியம்" என்ற ஒரே அத்தாட்சியோடு வருவதைத் தொடாதிருப்பதே உசிதம். ரசம், பாஷாணம், எட்டி, ஊமத்தை முதலிய விஷச் சரக்குகள் சேர்ந்த உள்மருந்தானால், வைத்தியரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டால் போதும் என்று விதி சொல்கிறது! தமிழ் மட்டுமே அறிந்த கிராமத்துத் தாய்க்கு அதனால் என்ன பயன் என்பதை விதி வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இது வீண் பயமன்று. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மூலிகைப் பண்டங்களைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ கலந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்க வல்லது. நாவுக்கும் மூக்குக்கும் அது புலப்படுவதில்லை.

இனி விளம்பரம். மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், நரம்புக் கோளாறு முதலிய நோய்களை ஒரு மருந்து தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே அது குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பட்டியலில் காய்ச்சல் என்பதும் பொதுவாகவே அடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதுவே.

ஏனெனில், பருவக் காய்ச்சல்தானே என்று ஏதோ ஒரு சூரணத்தை நம்பி நான்கு நாள் படுத்திருப்பவருக்கு வந்திருப்பது டெங்குவாக இருந்தால், காய்ச்சல் தணிகிற அந்த நாளில்தான் மெய்யான அபாயம் ஆரம்பமாகிறது. ஜுரம் விட்டது என்று வீட்டார் பெருமூச்சு விடும் வேளையில், கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், கஷாயத்தை ஒதுக்கிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும் என்பதால் கூடவே கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் தலைவிதியை நொந்துகொண்டு திரும்ப வேண்டியதில்லை. அவசர நிலையில் உரிய சிகிச்சையை உரிய காலத்தில் தரத் தவறுவது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவில் அளித்த உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உரிமையோடு கடமையும் உண்டு: வீட்டு வளாகத்தில் கொசு பெருகும்படி நீரைத் தேங்கவிடுபவர்மீது, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி சுகாதார அதிகாரி நடவடிக்கை எடுக்கலாம். மாடியில் கிடக்கும் உடைந்த வாளி அண்டை வீட்டாரின் விவகாரமும் ஆகிவிடுகிறது.

மனத்தின் சமநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியனைக் காணாத நாட்களும், பண்டிகைச் செலவு விட்டுச்சென்ற கடனும் சேர்ந்து சிலரை மிகவும் தளர்த்திவிடுகின்றன. உறக்கமின்மையும் விரக்தியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது லேகியத்தால் தீரும் மந்தமன்று; 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையோடு கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

ஏமாந்தவர்களுக்குப் பரிகாரம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம், ஹோமியோபதித் துறைக்கு எழுதலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ரசீது இல்லாத வழக்கு நிற்பது கடினம். ஆகையால் கடைக்காரர் முகம் சுளித்தாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மருந்து தீர்ந்த பிறகும் சீட்டு ஒட்டிய டப்பாவை எறிந்துவிடாதீர்கள்.