இணையத்தில் கட்டுரை கற்பித்தல்: நன்னூல் காட்டும் கூறுகள்

முன்னுரை

கட்டுரை வகுப்பில் மாணவர் எழுதுகின்றார். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகின்றார். ஏடு மாணவரிடம் திரும்புகின்றது. பெரும்பாலும் அத்துடன் அக்கட்டுரையின் பயன் முடிந்துவிடுகின்றது. அதனைப் படித்தவர் ஆசிரியர் ஒருவரே. இந்நிலையை இணையவழி எழுத்து எவ்வாறு மாற்றக்கூடும் என்பதை, விக்கி என்னும் எழுதுதளத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

நன்னூலின் கணக்கு

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றலைக் கூறிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவர் பெறுவது காற்கூறே. உடன் பயில்வோரொடு பழகுவதால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதே நிரம்பும். நம் கட்டுரை வகுப்பு பெரும்பாலும் முதற் காற்கூற்றோடு நின்றுவிடுகின்றது எனலாம்.

விக்கியின் அமைப்பு

பலர் கூடி எழுதவும் திருத்தவும் இடந்தரும் விக்கியை வார்டு கன்னிங்காம் 1995இல் உருவாக்கினார். 2001இல் விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. அங்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் துணையாக இரு பக்கங்கள் உள்ளன. திருத்த வரலாறு, சேமிக்கப்பட்ட ஒவ்வொரு வரைவையும் காத்து, இரு வரைவுகளை ஒப்பிட்டுக் காட்டுகின்றது. உரையாடல் பக்கம், மாற்றத்திற்கான காரணத்தை எழுத்தில் விவாதிக்க இடந்தருகின்றது. மூடுல் போன்ற கற்றல் தளங்களில் வகுப்புக்கு மட்டும் உரிய விக்கியையும் அமைத்துக்கொள்ளலாம்.

எழுதுதல் என்பது திட்டமிடல், சொல்லாக்கல், மீள்நோக்கல் ஆகியவை மாறிமாறி நிகழும் செயல் என லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்சும் 1981இல் விளக்கினர். ஏட்டில் மறைந்துவிடும் இச்செயலின் தடங்கள் விக்கியில் எஞ்சி நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

பத்துமலையைப் பற்றி எழுதும் மாணவர் ஒருவர், அங்குள்ள முருகன் சிலையே உலகில் மிக உயரமான முருகன் சிலை எனக் குறிப்பிடுகின்றார் எனக் கொள்வோம். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்தவர்க்கு இத்தொடர் இயல்பாகவே வரும். 2006இல் திறக்கப்பட்ட அச்சிலையின் உயரம் 140 அடி. ஆயின், 2022இல் சேலம் மாவட்டத்தில் குடமுழுக்குக் கண்ட முத்துமலை முருகன் சிலையோ 146 அடி. சக மாணவர் உரையாடல் பக்கத்தில் சான்று கேட்கின்றார். எழுதியவர் தேடுகின்றார், தொடரை மாற்றுகின்றார், மாற்றியமைக்குக் காரணம் எழுதுகின்றார். ஆசிரியர் இறுதித் தொடரை மட்டுமன்றி, அது பிறந்த வழியையும் காண்கின்றார். நன்னூல் கூறும் இரண்டாம், மூன்றாம் கூறுகள் இங்கே செயற்படுகின்றன.

இன்றைய தேவை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இத்தேவை மிகுந்துள்ளது. பிழையற்ற கட்டுரையொன்றை இயந்திரமும் எழுதித் தரும் காலத்தில், முடிந்த படி மட்டும் மாணவரின் திறனுக்குச் சான்றாகாது. திருத்த வரலாறும் முழுச்சான்று அன்று. பிறிதோரிடத்தில் ஆக்கியதை ஒரே முறையில் ஒட்டிவிடவும் கூடும். ஆதலின், தாம் எழுதியதை மாணவர் வகுப்பில் வாய்மொழியாக விளக்கவும் வேண்டும். மதிப்பெண்ணிலும் வரைவுக்கும் விளக்கத்திற்கும் பங்கு இருத்தல் வேண்டும். இல்லையேல் மாணவர் அவற்றைச் சடங்காகவே கருதுவர்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது

மாணவரின் முதல் வரைவை உலகறிய வெளியிடுதல் நன்றன்று. பிழை செய்ய அஞ்சுவோர் எழுதவும் அஞ்சுவர். எனவே மூடிய விக்கியில் தொடங்குதலே தக்கது. மேலும், எழுத்துப்பிழையைச் சுட்டுவதோடு நில்லாது, கருத்தை வினவும் முறையையும் மாணவர்க்கு முதலில் பயிற்றுவித்தல் வேண்டும்.

முடிவுரை

இணையம் கட்டுரை வகுப்புக்குத் தரும் பெரும்பயன், மாணவர் எழுத்தை உலகிற்குக் காட்டுவதன்று. எழுத்து உருவாகும் வழியை ஆசிரியர்க்கும் உடன் பயில்வோர்க்கும் காட்டுவதேயாகும். கருவி புதிது, அது நிறைவேற்ற வேண்டிய கடமையோ நன்னூலார் முன்பே வகுத்தது. அம்முக்காற்கூற்றை மீட்டெடுப்பதற்கு இணையத்தைப் பயன்கொள்வது தமிழாசிரியரின் பொறுப்பாகும்.