பிட்மேப் எஃபெக்ட்

பிட்மேப் எஃபெக்ட் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன் என்னும் இடைமுக நிரலகத்தில் இடம்பெற்ற ஒரு வகுப்பு ஆகும். இந்நிரலகம் சுருக்கமாக டபிள்யூ.பி.எஃப் எனப்படுகிறது. சாளரத்தில் உள்ள பொத்தான், படம், எழுத்து முதலியவற்றுக்கு நிழல், மங்கல், புற ஒளிர்வு, புடைப்பு போன்ற காட்சி விளைவுகளைச் சேர்க்க இவ்வகுப்பு பயன்பட்டது. சிறியதொரு விளைவு மென்பொருள் முழுவதையும் மந்தமாக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

டபிள்யூ.பி.எஃப் 2006 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் .நெட் 3.0 பதிப்புடன் வெளிவந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் மென்பொருட்களின் சாளரங்கள் பெரும்பாலும் ஜி.டி.ஐ மூலம் வரையப்பட்டன. டபிள்யூ.பி.எஃப் டைரக்ட் 3டி வழியாக வரைகலைச் செயலியைக் கொண்டு வரைந்தது. ஆயினும் பிட்மேப் எஃபெக்ட் இதற்கு விதிவிலக்காக இருந்தது. அதன் கணக்கீடுகளை மையச் செயலகமே செய்தது.

மந்தத்தின் காரணங்கள்

முதற் காரணம் கணக்கீட்டின் அளவு ஆகும். ஒரு படப்புள்ளியை மங்கலாக்க அதன் அண்டைப் புள்ளிகளின் நிறங்களைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும். 400 × 300 அளவுள்ள பலகத்தில் 1,20,000 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 15 × 15 புள்ளிகளை நேரடியாக வாசித்தால் மொத்தம் 2 கோடியே 70 இலட்சம் வாசிப்புகள் தேவை. கிடையாகவும் நெடுக்காகவும் இரு கட்டமாகச் செய்தால் இது 36 இலட்சமாகக் குறையும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. பல புள்ளிகளை ஒரே நேரத்தில் கையாளும் வரைகலைச் செயலிக்கு இவ்வேலை எளிது. மையச் செயலகத்துக்குச் சுமையாகும்.

இரண்டாவது காரணம் விளைவின் எல்லை ஆகும். ஓர் உறுப்புக்கு விளைவு இடப்பட்டால் அதனுள் அடங்கிய எல்லா உறுப்புகளும் அவ்விளைவுக்கு உட்படும். சாளரத்தின் வெளிப்பலகத்துக்கு நிழல் இட்டால், உள்ளே எழுத்துச்சுட்டி மினுக்கினாலும் பலகம் மீண்டும் கணக்கிடப்பட நேரிடும்.

மாற்று

2008 ஆம் ஆண்டு வெளிவந்த .நெட் 3.5 முதலாம் சேவைத் தொகுப்பில் எஃபெக்ட் என்னும் புதிய வகுப்பு அறிமுகமானது. இதன்மூலம் மங்கலும் நிழலும் வரைகலைச் செயலியிலேயே கணக்கிடப்பட்டன. 2010 இல் வெளிவந்த .நெட் 4 பதிப்பில் பிட்மேப் எஃபெக்ட் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனினும் உள்ளுறுப்பு மாறினால் மீண்டும் வரையும் தேவை புதிய வகுப்பிலும் நீடித்தது. விளைவுக்கு உட்பட்ட எழுத்துகள் கிளியர்டைப் கூர்மையை இழப்பதும் உண்டு.

தவிர்க்கும் முறைகள்

* நிழலைத் தாய்ப்பலகத்துக்கு இடாமல், அதன் பின்னால் வைக்கப்பட்ட வெற்றுச் சட்டகத்துக்கு இடுதல்.
* அசைவூட்டம் நிகழும்போது விளைவை நீக்கிவைத்தல்.
* மாறாத நிழலுக்கு முன்னரே வரைந்த படத்தைப் பயன்படுத்துதல்.
* கணினியின் வரைகலைத் தரநிலையை அறிந்து விளைவைக் குறைத்தல். டபிள்யூ.பி.எஃப் இதனை 0, 1, 2 என மூன்று நிலைகளாகத் தெரிவிக்கிறது. 0 என்பது வன்பொருள் முடுக்கம் இல்லாத நிலையாகும்.

நிரலாளரின் விரைவான கணினியில் இத்தகைய மந்தம் புலப்படாமல் போகலாம். ஆகவே, பயனர்களிடம் உள்ள பழைய கணினிகளிலும் மென்பொருளை இயக்கிப் பார்த்தல் அவசியமாகும்.