நூல் மாறினாலும் கணக்கு நிற்கும்
புதுக் கம்பளி நூல் வந்ததும் அதற்கென்றே ஒரு பின்னல் மாதிரிப் புத்தகம் வெளியிடுவது மேலைநாட்டு நூல் நிறுவனங்களின் நெடுநாள் வழக்கம். நூல் கடையிலிருந்து மறைந்தால் புத்தகமும் பாதி பயனிழக்கும். 1971-இல் வந்த, பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மனின் ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற புத்தகம் இன்றும் உதவுவது, அது கணக்கைக் கற்றுத்தருவதால்தான். சிறு துண்டு பின்னி, அங்குலத்துக்கு 5 கண்ணி வந்தால், 40 அங்குல மார்புச் சுற்றளவுள்ள ஸ்வெட்டருக்கு 200 கண்ணி. மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 40. புதிதாகக் கற்பவருக்கு வரிக்கு வரி குறிப்பு வேண்டாமா? வேண்டும்தான், ஆனால் இறுக்கிப் பின்னும் கைக்கும் தளரப் பின்னும் கைக்கும் அச்சிட்ட ஒரே எண் பொருந்தாது. நூலுக்கு நூலும் அளவு மாறும்: இயந்திரத்தில் துவைக்கத்தக்க மெரினோ நூல் அருமையான வரவு. ஆனால் நனைந்தால் நெகிழ்ந்து நீளக்கூடியது. வாங்குங்கள், முதலில் பின்னிய சிறு துண்டைத் துவைத்து, உலர்த்தி, அளந்துவிடுங்கள்.