நார்த்தாமலைக் குன்றுகளில் மலையேற்றம்

நார்த்தாமலை புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஊர். அதைச் சூழ்ந்துள்ள பாறைக் குன்றுத் தொடரும் அதே பெயரால் அழைக்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டை சாலையை ஒட்டி, புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் உள்ளது. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை உள்ளிட்ட ஒன்பது குன்றுகள் இத்தொடரில் அடங்கும். குடைவரைகள், முற்காலக் கற்றளிகள், பாறைச் சுனைகள், குன்றுகளைச் சுற்றியுள்ள புதர்க்காடு ஆகியவற்றைக் காண இங்கு மலையேற்றம் செய்கின்றனர்.

நில அமைப்பு

புதுக்கோட்டை மாவட்டம் பெரும்பாலும் சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ கொல்லிமலையிலோ உள்ளதைப் போன்ற ஆழமான பள்ளத்தாக்குகளும் ஆண்டு முழுவதும் விழும் அருவிகளும் இங்கு இல்லை. சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளே இம்மாவட்டத்தின் மலைகள். இரு குன்றுகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த நிலத்தில் மண் படிந்து மரம் செடிகள் அடர்ந்திருக்கும். பள்ளத்தாக்கு என்று சொல்லத்தக்கவை இந்த இடுக்குகளே.

இக்குன்றுகள் மிகப் பழமையான கடினப் பாறைகளால் ஆனவை. மேலிருந்த சுமை அரிப்பினால் நீங்கும்போது பாறை விரிந்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிகிறது. பகல் வெப்பமும் மழைநீரும் இதை விரைவுபடுத்துகின்றன. குன்றுகளின் வழுவழுப்பான, வளைந்த சரிவுகள் இவ்வாறு உருவானவை. பாறையின் நலிந்த பகுதிகளில் பள்ளம் விழுந்து மழைநீர் தேங்கும்போது அது சுனையாகிறது. உரிந்த பாறை அடுக்குகளுக்கு அடியில் அமையும் நிழலான குழிவுகள் இயற்கைக் குகைத்தளங்களாகின்றன.

நீரும் குன்றும்

மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மொட்டைப் பாறை நீரை உறிஞ்சுவதில்லை. எனவே குன்றின் மேல் விழும் மழையின் பெரும்பகுதி சரிவில் ஓடி அடிவாரத்தை அடைகிறது. அந்த நீர் வந்து சேரும் இடங்களில் கரை எழுப்பி முன்னோர் ஏரிகளையும் குளங்களையும் அமைத்தனர். சிறு பகுதி சுனைகளில் தங்குகிறது. பெரிய ஆறு இல்லாத இந்த வறண்ட நிலத்தில் குன்று ஒரு நீர்ப்பிடிப்புப் பரப்பாகவும் சுனை ஒரு நீர்த்தொட்டியாகவும் பயன்பட்டன.

சமணத் துறவிகளின் குகைத்தளங்களும் பிற்காலக் கோயில்களும் பெரும்பாலும் சுனைகளுக்கு அருகில் அமைந்திருப்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ள குன்றில்தான் மனிதர் தங்க முடிந்தது. மேலமலையில் உள்ள தலையருவிச் சிங்கம் என்னும் சுனையினுள் நீருக்கு அடியில் சிவலிங்கம் உள்ளது. நீரை முழுவதும் இறைத்தால் மட்டுமே அது வெளிப்படும்.

காடு

குன்றுகளைச் சுற்றி நார்த்தாமலைக் காப்புக்காடு உள்ளது. குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும் முட்புதர்களும் குட்டையான மரங்களும் இதில் மிகுதி. காரை, சூரை, குருந்து, விராலி, கள்ளி போன்ற புதர்க்காட்டுத் தாவரங்களை இத்தகைய நிலங்களில் காணலாம். மயில்கள் சாதாரணமாகத் தென்படும். கோடையில் காய்ந்து கிடக்கும் புதர்கள் மழைக்குப் பின் சில வாரங்களிலேயே தழைத்துவிடும்.

மேலமலைப் பாதை

மலையேறுவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது மேலமலைப் பாதை. ஊரிலிருந்து புறப்பட்டு, பாறைச் சரிவின் மேல் ஏறிச் செல்ல வேண்டும். பெரும்பகுதிக்குப் படிக்கட்டு கிடையாது. ஏற்றம் கடினமானதன்று.

பாதையின் முடிவில் விஜயாலய சோழீஸ்வரம் உள்ளது. மேற்கு நோக்கிய இக்கற்றளியின் வெளிச்சுவர் சதுரமாகவும் கருவறை வட்டமாகவும் அமைந்துள்ளன. முதன்மைக் கோயிலைச் சுற்றி எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன. அவற்றுள் சில அழிந்துவிட்டன. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் கட்டிய கோயில் மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்றும் இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தடையின்றிச் சரிவில் பாயும் மழைநீரின் வேகத்தை நேரில் கண்டவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. சிறியதான பழியிலி ஈஸ்வரம் பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பழியிலியால் குடையப்பட்டது. இதன் முன்மண்டபத்தை அவருடைய மகள் எடுப்பித்தார். பெரியது சமணர் குடகு எனப்படுகிறது. முதலில் சமணர்களுடையதாக இருந்த இக்குகை 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலாக மாற்றப்பட்டது. இதன் மண்டபச் சுவரில் ஏறத்தாழ ஒரே தோற்றமுடைய 12 திருமால் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இடைக்காலத்தில் நார்த்தாமலை ஒரு வணிக நகரமாக விளங்கியது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடன் இதற்குத் தொடர்பு இருந்தது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர்.

சித்தன்னவாசல்

இதே மாவட்டத்தில் உள்ள சித்தன்னவாசல் குன்று, நார்த்தாமலையுடன் சேர்த்துப் பார்க்கத் தக்கது. குன்றின் மறுபக்கத்தில் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தை முற்காலத்தில் பாறையில் வெட்டிய ஏழு காலடிக் குழிகளில் கால் வைத்தே அடைய முடிந்தது. அங்கு வழுவழுப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகளும், கி.மு. காலத்தைச் சேர்ந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டும் உள்ளன. கீழே உள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. இக்குன்றிலும் நாவற்சுனை என்னும் சுனையும் அதன் நீருக்குள் ஒரு லிங்கமும் உள்ளன.

மலையேறுவோர் கவனத்திற்கு

• நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் பாறை கடுமையாகச் சூடேறும். சூரியன் மறைந்த பின்னும் சூடு தணிய நேரமாகும்.
• காலையிலேயே ஏறி வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும். வழியில் நிழல் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.
• மழை பெய்யும்போதும் பெய்த உடனேயும் சரிவில் ஏறக் கூடாது. பாசி படிந்த பாறை எளிதில் வழுக்கும்.
• சுனைகளில் இறங்கக் கூடாது. மேலிருந்து பார்த்து ஆழத்தை அறிய முடியாது. வழுக்கும் விளிம்பில் பிடித்து ஏறுவதும் கடினம்.
• தொங்கு பாறைகளின் கீழ் தேனடை இருந்தால் அமைதியாக விலகிச் செல்ல வேண்டும். புகைக்கவோ தீ மூட்டவோ கூடாது.
• காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

பாதுகாப்பு

விஜயாலய சோழீஸ்வரமும் அதன் எதிரே உள்ள குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த எல்லை சின்னத்தைக் காக்கிறது. ஆனால் ஒரு குன்றின் நீரோட்டம் 300 மீட்டருக்குள் அடங்குவதில்லை. கல் உடைத்தல் நடக்கும் மாவட்டமான புதுக்கோட்டையில் இது முக்கியமான கேள்வி. வெட்டிய காடு மீண்டும் வளரக்கூடும். உடைத்த குன்று வளராது. அதன் சுனையும், அதிலிருந்து ஏரிக்கு வந்த நீரும் அதனுடன் போய்விடும்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி இவ்வகையில் ஒரு முன்மாதிரி. குன்றுகள், சுனைகள், சமணப் படுக்கைகள், குடைவரை, ஏரிகள் ஆகியவற்றைக் கொண்ட அப்பகுதி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் அதில் அடங்கும். கோயில், காடு, ஏரி எனத் தனித்தனியாகப் பிரிக்காமல் முழு நிலத்தையும் ஒன்றாகக் கருதிய அறிவிப்பு அது. பின்னர் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்து செய்யப்பட்டது.

பார்வையாளர்களால் ஏற்படும் சேதமும் சிறிதன்று. குடைவரைச் சுவர்களிலும் கற்படுக்கைகளிலும் பெயர் பொறிப்பது பழைய கல்வெட்டு எழுத்துகளை அழிக்கிறது. சுனையில் வீசப்படும் பிளாஸ்டிக் குப்பை அடுத்த மழையில் அடிவார ஏரிக்கு வந்து சேர்கிறது. குன்றின் மேல் விடப்படும் எதுவும் அங்கேயே தங்கிவிடுவதில்லை.