திருமலைப் படிகளும் தினசரி நடையும்



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் செல்வத்தை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகச் சேர்க்க முடியாது. அன்றாடம் சிறுகச் சிறுகத்தான் சேர்க்க வேண்டும்.

நான் இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, சித்தூரில் வசிப்பவன். திருப்பதி இங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். விடுமுறைக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் உறவினர்கள், "மாமா, இந்தத் தடவை நடந்தே மலை ஏறப் போகிறோம்" என்பார்கள். பக்தி போற்றத்தக்கது. ஆனால் ஆண்டு முழுவதும் காரிலும் நாற்காலியிலும் இருந்த உடம்பு ஒரே நாளில் அதற்கு இசையுமா?

அலிபிரி வழி சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழி 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. 1944-இல் மலைச்சாலை வரும்வரை பெரும்பாலோர் நடந்தே ஏறினார்கள். அவர்கள் வயலிலும் கிணற்றடியிலும் தினமும் உழைத்தவர்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே அறிவுறுத்துகிறது.

இருப்புப்பாதையில் கீமேன் என்றொரு ஊழியர் உண்டு. கையில் சுத்தியலுடன் தம் பகுதியைத் தினமும் நடந்தே பார்த்து, தளர்ந்ததை அன்றன்றே இறுக்குவார். அதனால்தான் பெரிய விபத்துகள் தவிர்க்கப்படுகின்றன. உடம்புக்கும் இதே விதிதான்.

என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றதும் நடையை விட்டுவிட்டார். சர்க்கரையைக் கவனிக்காமல் கால்விரல் புண்ணாகி, விரலையே எடுக்க நேர்ந்தது. கீமேனாக இருந்த இன்னொருவர் 78 வயதிலும் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறார்.

இது வெறும் அனுபவப் பேச்சன்று. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் அரைமணி நடந்து, சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் குறைக்கத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்தும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்தாலும் கூடுதல் பலன் இல்லை.

உணவுக்கு எங்கள் சித்தூர்ப் பக்கத்து ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, நல்ல துணை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதுவும் மாவுச்சத்தே. ஓர் உருண்டை போதும். பக்கத்தில் கீரையும் பருப்பும் நிறைய இருக்கட்டும். உப்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும்!

முதுமையில் தசை வலுவும் முக்கியம். கால் வலுவிழந்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகையிலையை எந்த வடிவிலும் தொடவேண்டாம்.

அடுத்த விடுமுறையில் படி ஏற எண்ணுவோர், மூன்று மாதம் முன்பே தினமும் அரைமணி நடந்து, வீட்டு மாடிப்படிகளில் பழகுங்கள். மருத்துவரைக் கேட்டு, குழந்தைகளையும் உடன் நடத்துங்கள். மலையிலிருந்து இறங்கி ஊர் திரும்பிய பிறகும் அந்த நடையை விட்டுவிடாதீர்கள். அதுவே நாம் பிள்ளைகளுக்கு வைத்துப்போகும் நல்ல சொத்து.